பத்துக்கு ஒன்பது தடவை மறுத்தும் பிள்ளை ஏன் அடங்கவில்லை?

வாசகர் கடிதம்:

"மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுக்கு. கணவர் விசைப்படகில் போகிறார். ஒருநாள் போனால் மறுநாள் காலைதான் கரை. நான் இறால் கம்பெனி வேலை முடிந்து வீடு வர மாலை ஐந்தரை ஆகிவிடும். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மகளைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணீர் பிடித்து வைப்பாள், பாத்திரம் கழுவுவாள். மகன்தான் ஆட்டி வைக்கிறான். தினமும் கடைக்கு இருபது ரூபாய் வேண்டும். கொடுக்காவிட்டால் தெருவில் உருண்டு புரள்கிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான். செல்போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. தூங்கப் பதினொன்று ஆகிறது. நாங்கள் கண்டிக்காமல் வளர்க்கவில்லை. பத்துக்கு ஒன்பது தடவை முடியாது என்றுதான் சொல்வேன். அடித்தும் பார்த்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. இரண்டு பேரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தோம்? சொந்தக்காரர்கள் 'தாய் வளர்ப்பு சரியில்லை' என்கிறார்கள். ஒன்றரை வயதில் அவனுக்குக் காய்ச்சலில் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதிலிருந்து அவனை அழ விட மாமியாருக்குப் பயம்."

ஆலோசகர் பதில்:

சகோதரிக்கு,

போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வலிப்பு விஷயம், அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் நடப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது. நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரும். உடம்புச் சூடு ஏறும்போது வருமே தவிர, அழுவதால் வராது. சில சின்னக் குழந்தைகள் வீறிட்டு அழுது, மூச்சடைத்து, உதடு நீலம் பாய்ந்து, ஓரிரு நிமிடத்தில் தானே தெளிவார்கள். அது வேறு. அதைப் பார்த்துப் பயந்த பெரியவர்கள்தான் 'அழ விட்டால் வலிப்பு வரும்' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அதுவும் ஆறு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் மகனுக்கு வயது ஏழு. இப்போது அவன் அரை மணி நேரம் அழுதாலும் தொண்டை கட்டும், களைத்துப்போவான், அவ்வளவுதான். (காய்ச்சல் இல்லாமல் எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, ஆறு வயதுக்குப் பிறகு வந்திருந்தாலோ, சும்மா இருக்கும்போதே சில நொடி அசைவற்று வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாலோ, இந்த ஆலோசனையை ஓரம் வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.)

கைக்குழந்தையாக இருக்கும்போது பிழைக்குமா என்று பயப்பட வைத்த பிள்ளையை, அது நன்றாகத் தேறிய பிறகும் வீட்டார் நோயாளியைப் போலவே நடத்துவதைக் குழந்தை மருத்துவத்தில் நெடுநாளாக அறிவார்கள். மோரிஸ் கிரீன், ஆல்பர்ட் சோல்னிட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1964-லேயே இதை விவரித்தார்கள். அவர்கள் சொன்ன அடையாளங்கள்: இந்தப் பிள்ளைக்கு மட்டும் எல்லை போடப் பெற்றோருக்குக் கை வராது, பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாது, சின்ன உடம்புக் கோளாறுக்கும் வீடு பதறும். உங்கள் மாமியாருக்குப் பிள்ளையைக் கெடுக்கும் எண்ணம் கிடையாது. அந்த இரவு பேரன் கண் சொருகிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவன் குரல் உயரும்போதெல்லாம் அவருக்கு அதுதான் கண்முன் வரும். ஆகவே அவரிடம் "செல்லம் கொடுக்காதீங்க" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் பலிக்காது. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ போகும்போது அவரையும் கூட்டிப்போய், "அழுதால் வலிப்பு வருமா?" என்று அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட மருத்துவர் சொல்வது அவர் மனதில் தங்கும்.

அடுத்து, "ஒரே மாதிரிதானே வளர்த்தோம்" என்கிறீர்கள். உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. மகள் தண்ணீர் பிடிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மகன் வீட்டில் என்ன வேலை செய்கிறான் என்று ஒரு சொல் இல்லை. மகளுக்கு வலிப்பு வந்ததில்லை. இவன் ஆம்பளைப் பிள்ளை, கடைக்குட்டி, சாகக் கிடந்து பிழைத்தவன். ஒரே கூரை, ஒரே சோறு என்றாலும் இருவரும் வளர்ந்தது இரண்டு வேறு வீடுகளில். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. உடன்பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்கள், குடும்பம் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தருவதைவிட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ப்பதே குணத்தை அதிகம் வேறுபடுத்துகிறது என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

பிறவிக் குணமும் இருக்கிறது. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 40 சதவீதம் எளிதாகப் பழகும் பிள்ளைகள். 15 சதவீதம் மெதுவாக ஒட்டும் பிள்ளைகள். 10 சதவீதம் பேர் பசி, தூக்கம் எதிலும் ஒழுங்குக்கு வராமல், புதியது எதற்கும் முரண்டு பிடித்து, சிரித்தாலும் அழுதாலும் உச்சத்தில் நிற்பவர்கள். மீதிப் பேர் கலவை. முரண்டு பிடிக்கும் இந்தப் பத்து சதவீதப் பிள்ளைகள் கெட்டுத்தான் போவார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளையின் குணத்துக்கும் வீட்டின் நடைமுறைக்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி என்றார்கள். உங்கள் மகள் 'வேண்டாம்' என்று ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொண்டாள். அவளிடம் உங்கள் விதி எப்போதாவது நழுவியிருந்தாலும் அவள் கவனித்திருக்க மாட்டாள். இவன் கவனித்தான். அதே கண்டிப்பு இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு விதமாக வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது அந்தப் 'பத்துக்கு ஒன்பது'. பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். சிக்கல் மிச்சமுள்ள அந்த ஒன்றில் இருக்கிறது.

எப்போதும் கிடைத்த ஒன்று திடீரென்று நின்றுபோனால் பிள்ளை சில நாளில் கேட்பதை விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பது நின்றால் விடாது, ஏனென்றால் நின்றுவிட்டது என்று அதற்குத் தெரிவதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1950-களில் புறாக்களை வைத்து இதை அளந்தார். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் ஓய்ந்தது. எத்தனையாவது கொத்தில் விழும் என்று தெரியாமல் பழகிய புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தூண்டில் போடுகிறவரைப் பாருங்கள்: பத்து முறை எறிந்து ஒரு முறை சிக்கினாலே மறுநாளும் அதே பாறையில் வந்து உட்கார்வார். ஒன்பது மறுப்பு அவனை அடக்கவில்லை. பத்தாவது தடவை வரை பிடிவாதம் பிடிக்கப் பழக்கியது. கண்டிப்பான வீட்டில் அடம் பிடிக்கும் பிள்ளை உருவாவது பெரும்பாலும் இப்படித்தான். எதையும் மறுக்காத வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தெம்பு வேண்டியதே இல்லை.

கடைத்தெருக் காட்சியை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். மதியச் சத்துணவு சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகப்போகிறது, பசி. நீங்கள் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. "அப்பத்தா, காசு." "இல்ல ராசா, அம்மா ஏசும்." இரண்டாவது நிமிடம் சிணுங்கல். ஐந்தாவது நிமிடம் அலறல். எட்டாவது நிமிடம் திண்ணையிலிருந்து தெருமண்ணில் உருளல். எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். பத்தாவது நிமிடம் அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். உடனே அலறல் நிற்கிறது. இங்கே இரண்டு பேருக்குக் கூலி கிடைத்திருக்கிறது. அவனுக்கு இருபது ரூபாய், அப்பத்தாவுக்கு அமைதி. இரண்டு பேருமே நாளைக்கு அதையே செய்வார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்குள்ளேயே ஆட்களை உட்காரவைத்துக் குறிப்பெடுத்துக் கண்டது இந்தச் சுழலைத்தான்: பிள்ளை பெரியவரைப் பழக்குகிறது, பெரியவர் பிள்ளையைப் பழக்குகிறார், சத்தம் மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. பத்து நிமிடம் தாங்கிவிட்டுக் கொடுப்பது முதல் நிமிடத்திலேயே கொடுப்பதைவிட மோசம். 'பத்து நிமிடம் உருள வேண்டும்' என்ற பாடத்தை அது கற்றுக்கொடுக்கிறது.

அங்கிருந்து நடப்பதையும் கவனியுங்கள். நாலரைக்குச் சிப்ஸும் கலர் தண்ணீரும் உள்ளே போகின்றன. எட்டு மணிக்குப் பசி இல்லை. சோறு இறங்கவில்லை என்று செல்போனைக் கையில் கொடுக்கிறீர்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் குட்டி வீடியோவுக்கு முடிவே கிடையாது; பதினொன்று ஆகிறது. அப்பா கரை வரும் நாளில் விடியும் முன்பே வீடு விழித்துக்கொள்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்குக் கிடைப்பது ஆறு, ஏழு. தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள். பிள்ளைகளோ எரிந்து விழுவார்கள், ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். மறுநாள் நாலேகாலுக்கு அதே பிள்ளை, அதே பசி, அதற்கு மேல் தூக்கக் கடன். நீங்கள் எட்டு மணிச் செல்போனோடு சண்டை போடுகிறீர்கள். பூட்டு நாலரை மணியில் இருக்கிறது.

முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன கேட்டான், கடைசியில் யார் கொடுத்தார், எத்தனை நிமிடம் கழித்து. உங்களால் முடியாத நேரத்துக்கு மகளை எழுதச் சொல்லாதீர்கள். அவளைத் தம்பிக்கு உளவாளி ஆக்க வேண்டாம். மாமியாரிடம் அன்றிரவே கேட்டுக்கொள்ளலாம். ஏழு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் கொடுக்கும் கைகள் தெரியும். எனக்கு இப்போதே நாலு தெரிகிறது: அப்பத்தா, கரைக்கு வந்த அன்றைக்கு அப்பா, சண்டை வேண்டாமென்று தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அக்கா, 'அப்பா கணக்குல எழுதிக்கங்க' என்றால் எழுதிக்கொள்ளும் கடைக்காரர். தாய் வளர்ப்பைப் பழிக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பிறகு, கணவர் கரையில் இருக்கும் ஒரு நாளில் பிள்ளைகள் தூங்கியபின் மூன்று பெரியவர்களும் உட்காருங்கள். இரண்டே இரண்டு விதி, ஒன்று காசுக்கு, ஒன்று செல்போனுக்கு. பாடம், குளியல், மரியாதை எல்லாவற்றையும் ஒரே நாளில் சீர்திருத்தப் புறப்பட்டால் எதுவும் நிற்காது.

காசு: ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட பிறகு, அப்பத்தா கையால். 'அப்பத்தா கையால்' என்பதை மாற்ற வேண்டாம். பேரனுக்குக் கொடுக்கும் சந்தோஷத்தை அவரிடமிருந்து பிடுங்கினால் ஒளிவாகக் கொடுப்பார். கொடுக்கும் பதவியை அவருக்கே கொடுத்துவிட்டால், அளவைக் காப்பாற்றுவதும் அவர் பொறுப்பாகிவிடும். அக்காவுக்கும் அதே நேரத்தில், அதே ஐந்து ரூபாய். பள்ளிக்கூடப் பையை வைத்த பத்து நிமிடத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும்: காலையில் மிஞ்சிய இட்லி, அவித்த முட்டை, சுண்டல், சீசனில் பனங்கிழங்கு. வயிறு நிறைந்த பிள்ளை கேட்கும் குரலே வேறு. கடைக்காரரிடம் கணவரே நேரில் போய், "என் பேரைச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கடன் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஓட்டையை அடைக்காமல் மற்றதைத் தொடங்காதீர்கள்.

செல்போன்: சாப்பாட்டு நேரத்தில் கிடையாது. சாப்பிடும் முன், ஏழு மணிக்கு, முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் ஐந்திலிருந்து பத்து வயதுக்கு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது, டிவியும் அதில் சேர்த்தி. தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிட்டு, முடிவு உள்ள ஒன்றாகப் போடுங்கள். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை, இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை சொல்லுங்கள். முடிந்ததும் போன் பீரோ மேலே. ஒரு வேளை சோறு குறைவாகச் சாப்பிட்டால் சாப்பிடட்டும். தட்டை 25 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், இடையில் பிஸ்கட்டும் வேண்டாம். மாலைச் சிப்ஸ் நின்ற மூன்றாவது, நாலாவது நாளில் சோறு தானாக இறங்கும். தூக்கத்தை ஒரே நாளில் ஒன்பதுக்கு இழுக்க முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள்.

சொல்லும் விதம் இதில் பெரிய வேலை செய்யும். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். கை எட்டும் தூரத்துக்குப் போய், அவன் முகம் பார்த்து, ஒரு தடவை: "இன்னைக்கு அஞ்சு ரூவா குடுத்தாச்சு ராசா. இனி நாளைக்குத்தான்." காரணம் விளக்க வேண்டாம், காரணம் சொன்னால் அவன் அதற்கு மறுப்புச் சொல்வான், வாக்குவாதமே அவனுக்கு ஒரு வெற்றி. சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே அரிசி புடைப்பது, துணி மடிப்பது என்று ஏதாவது செய்யுங்கள். அவன் உங்களைப் பார்க்கலாம், நீங்கள் அவனைப் பார்க்க வேண்டாம். சத்தம் நின்று ஐந்து, பத்து நொடி ஆனதும் சாதாரணக் குரலில் "தண்ணி குடிக்கிறியா?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் புத்திமதி தொடங்கினால் அடுத்த சுற்று ஆரம்பமாகும்.

முதலில் நிலைமை மோசமாகும். இதை மூன்று பேரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாகக் கிடைத்தது வராதபோது பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பத்து நிமிட அலறல் இரண்டாவது, மூன்றாவது நாளில் முப்பது, நாற்பது நிமிடம் ஆகலாம். புதிதாக ஏதாவது செய்து பார்ப்பான்: வாந்தி எடுப்பது, 'செத்துப்போறேன்' என்பது, அப்பத்தா காலைக் கட்டிக்கொள்வது. எத்தனையோ வீடுகள் தோற்பது இந்த நாலாவது நாளில்தான். அன்று கொடுத்துவிட்டால் நாற்பது நிமிட அலறலுக்கு விலை உண்டு என்று ஆகிவிடும். அதைவிடத் தொடங்காமலே இருந்திருக்கலாம். ஆகவே முதல் வாரம் நாலேகாலுக்கு நீங்களோ கணவரோ வீட்டில் இருக்கும்படி விடுப்போ நேர மாற்றமோ கேளுங்கள். தாங்க முடியாவிட்டால் மாமியார் பக்கத்து வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்விடட்டும். யார் வீடு என்பதைக்கூட முதலிலேயே பேசி வையுங்கள். அரிவாள்மனை, மீன் வெட்டும் கத்தி, கல், கண்ணாடி டம்ளர் எல்லாம் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். தலையைச் சுவரில் மோதினால் ஒன்றும் பேசாமல் தலையணையை நடுவில் வையுங்கள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு, விதியை மாற்றாதீர்கள். 'செத்துப்போறேன்' என்பதை அலறலின் நடுவில் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் அமைதியான வேறொரு நேரத்தில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அதையே சொன்னால் அது அடமல்ல, உதவி தேடுங்கள்.

ஒரு வாரம், பத்து நாளில் தணியும். மூன்றாவது வாரம் போல ஒருநாள் திடீரென்று பழைய அலறல் வரும். பூட்டு இன்னும் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறான். அன்றும் அதே பதில்தான். அக்காவை அடித்தாலோ கல்லை வீசினாலோ மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. உடனே தனியாக, எல்லோரும் பார்க்கும்படி முற்றத்தில் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். இருட்டறை வேண்டாம், பூட்ட வேண்டாம், பேய் பூதம் வேண்டாம்.

மறுப்பது இதில் பாதிதான். சத்தம் போட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் வீட்டில் பிள்ளை சத்தம்தான் போடும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நீங்களோ கணவரோ, போன் இல்லாமல், அவன் சொல்லும் விளையாட்டை அவன் சொன்னபடி விளையாடுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம். அன்றைக்கு அவன் எவ்வளவு அடம் பிடித்திருந்தாலும் இந்த நேரத்தைத் தண்டனையாக வெட்டாதீர்கள். நாளில் ஐந்து தடவையாவது அவன் சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "சொன்னதும் போனைக் குடுத்துட்டியே." 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகச் சொன்னால் எதற்கென்று அவனுக்குப் புரியாது. வீட்டு வேலையும் வேண்டும். ஏழு வயதுக்குத் தட்டு எடுத்து வைப்பது, கோழியை அடைப்பது, தன் துணியை மடிப்பது, குடிதண்ணீர்ச் செம்பை நிரப்புவது எல்லாம் முடியும். இரண்டை அவன் பேரில் எழுதுங்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அக்காவின் வேலையில் கொஞ்சம் குறையும், அதுவும் நியாயம்தானே. "அக்காவைப் பாரு" என்பதை மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அவள் பென்சில், அவள் தின்பண்டம் அவளுடையது. தம்பி அழுதாலும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். பதினொரு வயதுப் பெண் குறையே வைக்காமல் நடப்பதைப் பார்த்தால், அவளும் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடித்தும் பார்த்தோம் என்கிறீர்கள். அடி அந்த நேரத்துக்குச் சத்தத்தை நிறுத்தும், அதனால்தான் பெரியவர்களால் அதை விட முடிவதில்லை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அது கற்றுத் தருவதில்லை. யார் முன்னால் செய்யக் கூடாது என்பதை மட்டும் கற்றுத் தரும். இன்னொன்று: அடித்த கையே அரை மணி கழித்து மனசு கேட்காமல் மிட்டாய் வாங்கித் தருகிறதா என்று அந்த ஏழு நாள் தாளில் பாருங்கள். பல வீடுகளில் அடிக்குப் பின் நிச்சயமாக மிட்டாய் வரும். அப்போது அடியும் காசு வரும் வழிகளில் ஒன்றாகிவிடுகிறது. "அப்பா வரட்டும், சொல்றேன்" என்பதும் வேண்டாம். அப்பா மறுநாள் காலை வருவார். ஏழு வயதுக்காரனுக்கு நேற்று மாலை நடந்தது எப்போதோ நடந்தது. ராத்திரியெல்லாம் கடலில் நின்று வந்தவர் எதற்கென்று தெரியாமல் கையை ஓங்க வேண்டியிருக்கும். கயிறு இருக்கட்டும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, கயிறு பார்த்துக்கொள்ளும் என்று நாலேகாலை விட்டுவிடாதவரை.

கணவருக்கு ஒரு வார்த்தை தனியாக. வலையில் விழும் மீன்பாட்டை நம்பிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "நல்ல பாடு வந்தா சைக்கிள்" என்று சொல்லி, பாடு இல்லாமல் போனால், பெரியவர்களுக்கு அது கடலின் குற்றம். பிள்ளைக்கு அது அப்பாவின் பொய். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பொறுத்திருந்தால் இரண்டு மிட்டாய் என்று சொல்லும் முன், பாதிக் குழந்தைகளிடம் சின்ன வாக்கு ஒன்றைக் காப்பாற்றினார்கள், பாதிப் பேரிடம் மீறினார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். பொறுமை இல்லாத பிள்ளை என்று நாம் சொல்லும் பலர், பொறுத்துப் பயனில்லை என்று அனுபவத்தில் கண்டவர்கள். சின்னதாகச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்: "நாளைக்குச் சாயங்காலம் உன்னோட பந்து விளையாடுவேன்." கரைக்கு வரும்போதெல்லாம் தின்பண்டப் பொட்டலம் கையில் இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்குத்தான்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார், கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமும் லீவு விட்டுவிடும், கையில் காசு இறுக்கம், எல்லோருக்கும் எரிச்சல். வருடமெல்லாம் அம்மாவும் அப்பத்தாவும் நடத்திய வீட்டுக்குள் அப்பா புதுச் சட்டத்தோடு நுழைவார். பிள்ளை இரண்டு சட்டத்துக்கும் நடுவே சந்து கண்டுபிடிப்பான். ஜூன் பாதியில் படகு இறங்கியதும் மறுபடி பழைய சட்டம். ஒவ்வொரு வருடமும் இந்தக் கடற்கரையில் வீட்டு ஒழுங்கு கலைவது அப்போதுதான். ஆகவே தடைக்காலத்துக்கு ஆறு வாரம் முன்பாகத் தொடங்குங்கள், அல்லது தடை முடிந்து பள்ளிக்கூடம் ஓடத் தொடங்கிய பிறகு. தடைக்காலத்தில் நேரங்களை மட்டும் அப்படியே வைத்திருங்கள்: அதே நாலேகால் தீனி, அதே ஐந்து ரூபாய், அதே ஏழு மணிப் போன். திருவிழா வாரம், காய்ச்சல், வீட்டில் சாவு இவற்றில் விதி தளர்ந்தால் பரவாயில்லை. தளர்த்தும்போதே "திங்கட்கிழமையிலிருந்து பழையபடி" என்று சொல்லிவிடுங்கள்.

எல்லா அடமும் செல்லத்தால் வருவதல்ல. பள்ளிக்கூடத்திலும் இதே நிலையா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் மட்டும் அடம், பள்ளியில் ஒழுங்கு என்றால் மேலே சொன்னது போதும். இரண்டு இடத்திலும் உட்கார மாட்டான், சொன்னது காதில் ஏறாது, பொருளைத் தொலைக்கிறான், வரிசையில் காத்திருக்க முடியவில்லை என்று ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ADHD) என்ற கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறானா என்றும் பாருங்கள். வகுப்பில் நாளெல்லாம் அவமானப்படும் பிள்ளை வீட்டில் வெடிக்கும். கடலில் குளிக்கும் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது சாதாரணமாகி, கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். அது 'சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை' போலவே தெரியும். இரத்தசோகையும் எரிச்சலைக் கூட்டும். அப்பா கடலுக்குப் போகும் நாளில் மட்டும் அடம் அதிகமா என்று தாள்களில் பாருங்கள். படகு பிடிபட்டது, ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்ற பேச்சு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு, பயம் கோபமாக வெளியே வரும். அப்படியானால் ஐந்து ரூபாய் விதியைவிட, அப்பா எப்போது திரும்புவார் என்று முதல்நாள் இரவே அவனுக்குத் தெளிவாகச் சொல்வது முக்கியம்.

ஆறு வாரம் மூன்று பெரியவர்களும் மாறாமல் நின்றும் அசைவே இல்லையென்றால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். பள்ளிக்கு வரும் மாணவர் நலப் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசு மையம்) அனுப்பச் சீட்டு எழுதித் தருவார்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை அங்கே கட்டணமில்லை. போனில் கேட்க 14416 மனநல உதவி எண் இரவும் பகலும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். போகும்போது அந்த ஏழு நாட்காட்டித் தாள்களையும், வலிப்பு வந்தபோது மருத்துவமனையில் கொடுத்த பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.